மலையேறும் நாயும் மலைவாழும் நாயும்



தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுகிறது. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்ற ஒரே பெயரை அது வழங்குகிறது. நரிக்கும் அப்பெயர் பொருந்தும் என்று அடுத்து வருகிறது. இந்த வரிசையில் வீட்டு வாசலில் படுப்பதும் உண்டு, காட்டை ஆள்வதும் உண்டு; துரத்துவதும் உண்டு, துரத்தப்படுவதும் உண்டு. மனிதனோடு வாழ வந்துவிட்ட நாயை இலக்கணம் காட்டுயிர்களின் வரிசையிலிருந்து நீக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நாயோடு மலையேறும் வழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்தப் பழைய வரிசை நல்ல தொடக்கமாகும்.

பள்ளத்தாக்கின் அமைப்பை அனைவரும் அறிவர். மேற்கே கேரள எல்லையை ஒட்டிய மலைத்தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையில் 1895-இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் விளையும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைப் பந்தல்கள். மேற்கு மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில், கோம்பை என்னும் ஊர் இருக்கிறது. தமிழகத்தின் பெயர்பெற்ற நாயினங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிழக்கு மலையிலோ 2009-இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தோடு இணைக்கப்பட்டு, 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடைய புலிகள் காப்பகமாயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது காப்பகம் அது. ஆகவே இப்பள்ளத்தாக்கின் ஒரு கரையில் நாயின் பெயர் இருக்கிறது. மறு கரையில் புலியின் பெயர் இருக்கிறது. இரண்டு குருளைகளுக்கும் நடுவே மனிதர் குடியிருக்கின்றனர்.

நாயோடு காட்டுவெளியில் நடப்பது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை எயினரின் வேட்டையைக் காட்டுகிறது. இரவெல்லாம் குழியில் பதுங்கிப் பன்றியின் வரவை எதிர்நோக்கிய வேட்டை பொய்த்துப் போனால், பகலில் நாய்களோடு சென்று புதர்களை அடித்து, வலைகளைத் தொடராகக் கட்டி, முயல் தப்ப இயலாதபடி வளைத்துப் பிடிக்கின்றனர். மரபியல் சொன்ன நான்கில் மூன்று அந்தச் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. மலைபடுகடாத்திலும் மலைவாழ்நர் வழிநடையாளருக்கு அளிக்கும் விருந்தில் நாய் துரத்திப் பெற்ற இறைச்சி இடம்பெறுகிறது. இவற்றைப் பாடிய புலவர் நாயை அழகுக்காகச் சேர்க்கவில்லை. ஞமலி என்றும் ஞாளி என்றும் அவர் குறித்த அந்த விலங்கு, அன்றைய அடுப்பில் எரிந்த நெருப்பைப் போலத் தேவையானது. அதன் பல்லும் மோப்பமும் ஒரு குடும்பத்தின் உணவாயின.

கோம்பை நாய் அந்த மரபின் வழிவந்தது. செவலை நிறம், கரிய முகவாய், இறுகிய உடல், அயலாரை அண்டவிடாத இயல்பு ஆகியவற்றால் அது அறியப்படுகிறது. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் அதனை வளர்த்தனர். இந்திய நாயினங்களைப் பற்றி 2017-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இத்தகைய நாட்டினங்கள் அருகி வருவதை எடுத்துக் காட்டியுள்ளனர். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் ராஜபாளையம் இடம்பெற்றது. பின்னர் தேசிய அளவில் நாட்டு நாயினங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்னும் மூன்றே முதலில் பதிவாயின. இரண்டு வரிசைகளிலும் கோம்பை இல்லை. ஊர்ப்பெயரால் வாழும் ஓர் இனத்திற்கு இது குறையே.

இந்தக் குறையைப் பாடுவது எளிது. மேடைகளில் அது பாடப்பட்டும் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டு பெரும்பாலும் ஒரு செய்தியை விட்டுவிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அதனோடு அந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தத் தொழிலும் முடிந்தது. தொழில் முடிந்த பின்னும் காலும் மூக்கும் மாறவில்லை. வேட்டை நாயின் குருதி ஓடும் ஒரு விலங்கை மாலை நடைக்காக மலையடிவாரத்திற்கு அழைத்துச் சென்று கயிற்றை அவிழ்த்துவிடுபவர் உலாவத்தான் போகிறார். அவருடைய நாய் வேட்டைக்குப் போகிறது.

இதன் விளைவைக் காண்பதற்கு மலையுச்சி வரை போக வேண்டியதில்லை. அடிவாரத்து முட்புதர் வெளியே போதும். உடையும் காரையும் கள்ளியும் மண்டி, இடையிடையே புல் முளைத்த அந்த நிலத்தைப் பலர் தரிசு என்றே எண்ணுகின்றனர். ஆனால் கவுதாரியும் காடையும் ஆள்காட்டியும் பக்கியும் அங்கேதான் தரையில் முட்டையிடுகின்றன. பக்கிக்குக் கூடு கட்டும் வழக்கமும் இல்லை. சருகின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டு, வெறுந்தரையில் முட்டையிட்டு, அதன்மேல் அசையாது அமர்ந்திருப்பதே அதன் பாதுகாப்பு. மனிதக் கண்ணை அந்த நிறம் ஏமாற்றும். நாயின் மூக்கை ஏமாற்றாது. நாய் அதனைக் கடிக்க வேண்டும் என்பதும் இல்லை. அருகில் வந்து மோந்தாலே பறவை எழுந்துவிடும். கோடை வெயிலில் முட்டை திறந்து கிடக்கும் நேரம் நீண்டால் உள்ளிருக்கும் உயிர் போய்விடும். நாய்க்காரர் இதில் எதனையும் காணமாட்டார். ஒரு பறவை பறந்ததை மட்டும் கண்டு மகிழ்வார்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரை அடுத்த காட்டுப்பகுதிகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்ணிக் காட்டியது. வாரில் கட்டிய நாயோடு மனிதர் நடந்த இடங்களில் பறவை வகைகள் 35 விழுக்காடும், பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்திருந்தன. நாய் இல்லாமல் மனிதர் மட்டும் நடந்த இடங்களில் குறைவு இந்த அளவிற்கு இல்லை. கட்டிய நாயே இவ்வாறெனில், அவிழ்த்த நாயைப் பற்றித் தனியே கூற வேண்டுவதில்லை.

புதர்வெளியும் நாய்நடையும் மோதிக்கொண்ட நாடு இங்கிலாந்து. அந்நாட்டில் 'ஹீத்' என்று வழங்கும் குறும்புதர் நிலம் உண்டு. தாமஸ் ஹார்டி தம் புதினம் ஒன்றில் எக்டன் ஹீத் என்னும் பெயரால் அத்தகைய நிலத்தையே கதையின் களமாக்கினார். லண்டனுக்குத் தென்மேற்கே பரந்துள்ள தேம்ஸ் படுகை ஹீத் நிலங்கள் 2005-இல் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாயின. காக்க வேண்டியவை என்று குறிக்கப்பட்ட பறவைகள் மூன்று. அவற்றுள் ஒன்று பக்கி. கம்பத்துப் புதரில் அமர்ந்திருக்கும் பறவையின் நெருங்கிய உறவு.

அங்கே நாய்களை ஒழிக்க வேண்டும் என்று எவரும் கூறவில்லை. பாதுகாப்புப் பகுதியிலிருந்து 400 மீட்டருக்குள் புதுக் குடியிருப்புகள் பொதுவாகக் கூடா என்றனர். அதற்கு அப்பால் 5 கிலோமீட்டர் வரை வீடு கட்டுவோர், மக்கள் நாயோடு உலாவுவதற்கு வேறு பசும்வெளிகளை உண்டாக்கப் பங்களிக்க வேண்டும் என்றனர். மக்கள் நடந்து செல்ல உரிமை பெற்ற திறந்த வெளிகளில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். பறவை முட்டையிடும் காலத்தைச் சட்டம் நாட்காட்டியில் குறித்து வைத்தது. நாய் ஓடுவதற்கு ஓரிடம், பறவை அமர்வதற்கு ஓரிடம் என்று நிலத்தைப் பகிர்ந்ததே அந்த ஏற்பாட்டின் சாரம்.

மேகமலையின் நிலை இதனினும் கடினமானது. அங்கே பறவை மட்டுமன்றி நாயின் உறவினமே குடியிருக்கிறது. சின்னமனூரிலிருந்து தென்பழனிச் சோதனைச் சாவடியைக் கடந்து, பூக்களின் பெயர் சூட்டப்பட்ட 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சென்றால் தேயிலைத் தோட்டங்களும், அவற்றைச் சூழ்ந்த சோலைகளும் புல்வெளிகளும் வருகின்றன. யானை, காட்டுமாடு, கடமான், வரையாடு, சிங்கவால் குரங்கு ஆகியவற்றோடு செந்நாயும் வாழும் மலை அது. செவலை நிறக் கோம்பை நாயைத் தொலைவில் கண்டால் செந்நாய் என்று மயங்குவதற்கு இடமுண்டு. ஆனால் செந்நாய் வீட்டு நாயின் காட்டு வடிவம் அன்று, தனிப் பேரினம். அது நாயைப் போலக் குரைப்பதில்லை. சீழ்க்கை ஒலியால் கூட்டத்தை அழைக்கிறது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் அதனைக் கொன்றவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தனர். இன்று உலகம் முழுவதிலும் முதிர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது.

செந்நாய்க்கு வீட்டு நாயால் நேரும் பெருந்தீங்கு கடியினால் நேர்வதன்று, நோயினால் நேர்வது. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய மூன்றும் உறவினத்திற்குத் தாவக்கூடியவை. கூட்டமாக உண்டு கூட்டமாக உறங்கும் விலங்கினுள் ஒன்றுக்கு வந்த நோய் அனைத்துக்கும் வந்துவிடும். டிஸ்டெம்பர் பூனையினத்தையும் விடுவதில்லை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்நோய் அழித்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் நாய்கள் அதற்கு மூலமாகக் கருதப்பட்டன. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றில் அந்நோய் கண்டறியப்பட்டது. நாய்க்குருளையின் நோய் புலிக்குருளையையும் கொல்லும். மரபியல் ஒரே பெயரில் வைத்ததை நோயும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது.

எனினும் மலையேறும் நாய்கள் எல்லாம் ஒரு வகையின அல்ல. இதனைப் பிரித்துணராமல் பேசுவது அநீதியாக முடியும். முதலாவது, மேய்ப்பவரின் நாய். தேனி மாவட்டத்து மலை மாடுகளை ஓட்டிச் செல்வோர் காட்டில் தங்கும் இரவுகளில் சிறுத்தையின் வரவை முதலில் அறிவிப்பது அதுவே. இரண்டாவது, களவு வேட்டைக்குக் கொண்டு செல்லப்படும் நாய். மூன்றாவது, மலை காண வருவோர் மகிழ்வுந்தில் ஏற்றி வரும் செல்ல நாய். நான்காவது, எவருக்கும் உரிமையற்று, வருவோர் எறியும் எச்சிலையை உண்டு பெருகும் நாய். இவற்றுள் பின்னைய இரண்டும் அண்மைக் காலத்தில் பெருகியவை. காட்டோரத்தில் பெருகும் நாய்க்கூட்டம் சிறுத்தையை ஊருக்குள் அழைத்து வரும் இரையும் ஆகிவிடுகிறது.

பழி மட்டும் முதலாவதன்மேல் எளிதில் விழுகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அம்மாதமே அந்த ஆணை திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. மலை மாட்டுக்காரர்களுக்கு அந்தத் திருத்தமும் ஆறுதல் தருவதாக இல்லை. அவர்கள் வழிவழியாக ஏறிய மலையே இன்று காப்பகமாக இருக்கிறது. மறுபுறம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபுவழி வனவாழ்நரின் உரிமைகளுள் மேய்ச்சலையும் எண்ணுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவர் மாட்டுக்காரர். அவருடைய காலருகே நிற்பது அவருடைய நாய். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவை இன்றும் வழிபடும் மக்களுக்கு இது ஏட்டில் எழுதிய வழக்கு மட்டுமன்று.

சட்டத்தில் இன்னொரு செய்தி உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தினுள்ளும் அதனைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கால்நடை எவை என்று அதே சட்டம் பெயர் சொல்லி விளக்குகிறது: எருமை, காளை, பசு, ஒட்டகம், கழுதை, ஆடு, குதிரை, பன்றி, வாத்து, கோழி என்று அந்த வரிசை நீள்கிறது. அதில் நாயின் பெயர் இல்லை. செந்நாய்க்கும் புலிக்கும் நோயைக் கொண்டு செல்லக்கூடிய உயிரே அங்குப் பெயர் பெறாமல் போயிற்று. இலக்கணம் மறவாது சேர்த்த பெயரைச் சட்டம் விட்டுவிட்டது.

ஆதலால் செய்யத்தக்கவை தெளிவானவை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சிகளின் கடமை என்கின்றன. நகரத் தெருக்களில் தொடங்கும் அந்தப் பணி மலையோரச் சிற்றூர்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் முந்தித் தொடங்க வேண்டும். டிஸ்டெம்பர் தடுப்பூசியும் அதனோடு சேர வேண்டும். மேய்ப்பவரின் நாய்க்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். தடை சொல்ல வரும் அலுவலரோடு ஊசி போடும் மருத்துவரும் வருவாராயின், மாட்டுக்காரர் காட்டுக்குப் பகைவர் ஆகமாட்டார். செல்ல நாயோடு வருவோர் அதனைச் சாவடிக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். தோட்டத்து வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நாய்க்கு நடப்பதற்கு வழி இல்லாமல் போகவில்லை. முட்டைக் காலத்தில் புதர்வெளி அருகே கயிறு அவிழக்கூடாது.

இவையெல்லாம் அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை. கவிஞருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு. இன்றைய கவிதையில் நாய் வரும்போது பெரும்பாலும் இரண்டே பொருளில் வருகிறது: நன்றிக்கு ஓர் உவமை, அல்லது இழிவுக்கு ஒரு வசை. இரண்டும் மனிதனைப் பற்றிய பேச்சு. நாயைப் பற்றியது அன்று. எயினரின் நாயைப் பாடியவர் அதன் வாயைக் கண்டார், அது கலைத்த புதரைக் கண்டார், வளைக்கப்பட்ட முயலின் நீண்ட காதையும் கண்டார். துரத்துவதைப் பாடும்போது துரத்தப்படுவதைக் கண்ணிலிருந்து விடாத பார்வை அது. கோம்பை நாயின் வீரத்தைப் பாடுவோர் அதன் மூக்கின் முன்னே சருகோடு சருகாக அமர்ந்திருக்கும் பக்கியையும் பாடினால், பாட்டு முழுமை பெறும். மலை மாட்டுக்காரரின் துயரைப் பாடுவோர், அவருடைய நாயின் மூச்சு காற்றில் போய்ச் சேரும் செந்நாய்க் கூட்டத்தையும் நினைத்தால், துயரத்தின் உண்மையான அளவு தெரியும்.

கயிற்றை அடிமைத்தனத்தின் அடையாளமாகவே பாடிப் பழகியிருக்கிறது கவிதை. மலையடிவாரத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு. வேட்டையை மறந்த மனிதன், வேட்டையை மறக்காத தன் துணைக்காக ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு அந்தக் கயிறு. அதன் ஒரு முனை நாயின் கழுத்தில் இருக்கிறது. மறுமுனை மனிதனின் கையில் இருக்கிறது. கட்டுண்டவர் இருவருமே.

பத்தாண்டுகளாகச் சொற்களைக் கூடிப் பேணிவந்த வட்டத்தின் முன்னே ஒரு சொல்லை மட்டும் மீண்டும் வைப்பது பொருந்தும். குருளை என்பது அச்சொல். கோம்பையில் ஒரு வீட்டுத் திண்ணையின் கீழ்க் கண் திறவாமல் கிடப்பதும் குருளை. மேகமலைச் சோலையில் தாயின் வரவு நோக்கிக் கிடப்பதும் குருளை. இரண்டும் வளர வேண்டும். ஒன்றை மற்றொன்று காணாமல் வளர வேண்டும். அவ்விரண்டிற்கும் நடுவே வாழும் மக்கள் அந்தத் தொலைவைக் காத்துத் தருவார்களாயின், மரபியலின் வரிசை பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் குறைவின்றி நிற்கும்.